நம்பர் மாறியது, ஆள் மாறவில்லை

பழைய பி.எஃப். நம்பரை ஒரு படிவத்திலாவது எழுதியவர்களுக்கு அதன் நீளம் மறந்திருக்காது. டி.என்., ஒரு சாய்கோடு, எம்.ஏ.எஸ்., இன்னொரு சாய்கோடு, அதன்பின் ஏழு இலக்கம், மூன்று இலக்கம், திரும்பவும் ஏழு இலக்கம். சாய்கோடுகளை விட்டுவிட்டு எண்ணினால் 22 இடம். அதில் ஒன்றுகூட வெறுமனே இருக்காது. முதல் இரண்டும் தமிழ்நாடு, அடுத்த மூன்றும் மெட்ராஸ் அலுவலகம், ஏழு இலக்கம் கம்பெனியின் கோடு, மூன்று இலக்கம் அந்தக் கம்பெனியின் கிளை. எல்லாவற்றுக்கும் கடைசியில், சீருடை போட்டுக்கொண்டு மெஷின் முன்னால் நிற்கிற ஆளுக்கு ஒரு வரிசை எண்.

1951 நவம்பர் 15-ஆம் தேதி அவசரச் சட்டமாகப் பிறந்து, 1952-இல் முழுச் சட்டமான வருங்கால வைப்பு நிதிக்கு அப்படிப்பட்ட நம்பர்தான் பொருத்தம். அன்றைக்குக் கணக்கு என்றால் பேரேடு. எந்த அலுவலகம், எந்தக் கம்பெனியின் கட்டு, அதில் எந்தப் பக்கம் என்று நம்பரே வழி சொல்லிவிடும். குமாஸ்தா அலமாரியைத் திறந்து நேராகக் கையை வைக்கலாம். பேரேட்டுக் காலத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

தொல்லை, தொழிலாளி அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க மாட்டார் என்பதில் ஆரம்பித்தது.

திருப்பாச்சூரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில், சம்பந்தரும் அப்பரும் பாடிய வாசீஸ்வரர் கோயில் உள்ள ஊர். இங்கிருந்து கிழக்கே திருவள்ளூரைத் தாண்டினால் காக்களூர் தொழிற்பேட்டை. அங்கே வேலை சரியில்லை என்றால் அம்பத்தூர். கொஞ்சம் துணிந்தால் வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்குகிற, கம்பி இழுக்கிற ஆலைகள். திருவள்ளூர் அரக்கோணம் ரயில் மார்க்கத்தில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி கூடூர் மார்க்கத்தில். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போக வேண்டுமானால் சென்னைப் பக்கம் போய் வண்டி மாற வேண்டும். இல்லாவிட்டால் ஊத்துக்கோட்டை வழியாக பஸ். இந்த முக்கோணத்துக்குள் பத்துப் பதினைந்து வருடம் ஓடியவரிடம் மூன்று நான்கு பி.எஃப். நம்பர் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனியின் கோடோடு ஒட்டிப் பிறந்தது. கம்பெனியை விட்டு வந்தால் நம்பர் அங்கேயே நின்றுவிடும்.

இடமே மாறாதவருக்கும் இது நேர்ந்தது. கான்ட்ராக்ட் தொழிலாளியைச் சொல்கிறேன். அவருக்கு பி.எஃப். கட்டுகிறவர் பெரும்பாலும் கான்ட்ராக்டர், தன் சொந்தக் கோடின் கீழ். ஆலை கான்ட்ராக்டரை மாற்றினால் மெஷின் அதே மெஷின், ஷிப்டு அதே ஷிப்டு, சூப்பர்வைசரின் திட்டும் அதே திட்டு, பி.எஃப். நம்பர் மட்டும் புதுசு. ஆபீஸ் கணக்குப்படி ஒருவர் வேலையை விட்டார், வேறொருவர் சேர்ந்தார். நடந்ததோ, அவர் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றதுதான்.

இதில் நஷ்டம் எங்கே என்றால் பென்ஷனில். 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள ஓய்வூதியத் திட்டத்தில், மாதா மாதம் பென்ஷன் வேண்டுமானால் குறைந்தது 10 வருட சர்வீஸ் காட்ட வேண்டும். முதல் கான்ட்ராக்டரிடம் 3 வருடம், இரண்டாமவரிடம் 4, மூன்றாமவரிடம் 4. கூட்டினால் 11. பென்ஷன் கணக்கு எளிதானது: சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. உச்சவரம்பான 15,000 ரூபாயையே சம்பளமாக வைத்துக்கொண்டால், 11 வருடத்துக்கு மாதம் 2,357 ரூபாய் வரும். பெரிய தொகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் 58 வயதுக்குமேல் ஆயுள் முழுக்க வரும். பிறகு மனைவிக்கு ஒரு பங்கு வரும். மூன்று நம்பரையும் கோக்காமல் விட்டால் 3, 4, 4 என்று மூன்று துண்டு. எதுவும் 10 இல்லை. மாதப் பென்ஷனே இல்லை.

ஆக, கணக்கில் இந்த மூன்று வரியும் ஒரே ஆள் என்று சொல்ல ஒன்று வேண்டும். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், தரவையெல்லாம் டேபிள்களாக அடுக்கலாம் என்று எழுதியபோதே, ஒவ்வொரு வரியையும் மற்ற வரிகளிலிருந்து பிரித்துக்காட்ட ஒரு கீ வேண்டும் என்றும் எழுதிவிட்டார். எதைக் கீயாக வைப்பது? பெயரா, பிறந்த தேதியா, ஊழியர் எண்ணா? இவையெல்லாம் வெளியுலகத்து விவரங்கள். திருத்தப்படும், மாறும், இரண்டு பேருக்கு ஒன்றாக அமையும். 1979-இல் காட் இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட யோசனை, 1976-இல் ஹால், ஓலெட், டாட் என்ற மூவர் முன்வைத்த சரோகேட்: எந்த அர்த்தமும் இல்லாத ஒரு குறியை மெஷினே உண்டாக்கி ஒவ்வொரு பொருளுக்கும் கொடுத்துவிடுவது. காட் அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். அந்தக் குறியின் மதிப்பை மனிதர்கள் தீர்மானிக்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. அது உள்ளுக்குள்ளேயே இருந்து வரிகளைக் கோத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு போஸ்ட்கிரெஸ் ஒரு பாடம். 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு தொடங்கிய டேட்டாபேஸ் அது. இன்றைய போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் தாய். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓ.ஐ.டி. என்று ஒரு எண்ணை மெஷினே கொடுத்துவிடும். எல்லாக் கட்டத்தையும் காட்டு என்று கேட்டாலும் அது வெளியே வராது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். இலவசமாக ஒரு நம்பர் கிடைக்கிறதே என்று புரோகிராம் எழுதுகிறவர்கள் அதையே கீயாக எடுத்து மற்ற டேபிள்களில் எழுதி வைத்தார்கள். அங்கேதான் வம்பு. அந்த எண்ணுக்கு 32 பிட்தான் இடம்; 429 கோடி சொச்சத்தைத் தொட்டதும் சுற்றி ஆரம்பத்துக்கு வந்துவிடும். எல்லா டேபிளுக்கும் சேர்த்து ஒரே கவுன்டர் என்பதால், நம் டேபிளில் ஆயிரம் வரிதான் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. போதாததற்கு, டேட்டாவை வெளியே எடுத்து வேறு சர்வரில் இறக்கினால், தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் எல்லா வரிக்கும் புது ஓ.ஐ.டி. பழைய எண்ணை நம்பி மற்ற டேபிள்களில் எழுதிவைத்ததெல்லாம் யாரையோ காட்டிக்கொண்டு நிற்கும். 2005-இல் வந்த 8.1 பதிப்பில் இதைக் கேட்டால்தான் தருவோம் என்று ஆக்கினார்கள். 2019 அக்டோபரில் வந்த 12-ஆம் பதிப்பில் பயனாளர் டேபிள்களிலிருந்து அடியோடு எடுத்துவிட்டார்கள். தன் உள்விவகாரத்துக்கு மட்டும் போஸ்ட்கிரெஸ் இன்றும் அதை வைத்துக்கொண்டிருக்கிறது.

பழைய 22 இட பி.எஃப். நம்பரும் இதே கோளாறுக்குச் சொந்தக்காரன்தான், எதிர்த் திசையிலிருந்து வந்தவன் என்றாலும். ஓ.ஐ.டி.யில் அர்த்தமே கிடையாது. இதில் தேவைக்கு மேல் அர்த்தம். இரண்டுமே ஒரு வரி எங்கே கிடக்கிறது என்று சொல்லத்தான் லாயக்கு. இரண்டையும் ஆளின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். வரி இடம் மாறியதும் இரண்டும் கையை விரித்தன.

யுனிவர்சல் அக்கவுன்ட் நம்பர் என்ற யு.ஏ.என். வந்தது 2014 அக்டோபர் 16-ஆம் தேதி. பிரதமர் மோடி டெல்லியில் தொடங்கிவைத்த நிகழ்ச்சியில், உரிமை கோரப்படாமல் 27,000 கோடி ரூபாய் பி.எஃப். பணம் முடங்கிக் கிடக்கிறது என்று சொன்னார். ஏழைத் தொழிலாளியின் பணம். திருடு போகவில்லை, செலவாகவும் இல்லை. எந்த ஆளுடையது என்று கோக்கப்படாமல் கிடந்த வரிகள். புது நம்பர் 12 இலக்கம். மாநிலம் கிடையாது, அலுவலகம் கிடையாது, கம்பெனி கிடையாது. பழைய நீள நம்பருக்கு மெம்பர் ஐ.டி. என்று பெயர் வைத்து அப்படியே விட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறிக்கொண்டே இருக்கலாம், யு.ஏ.என். மட்டும் கூடவே வர வேண்டும். டேட்டாபேஸ் கண்ணோடு பார்த்தால் நல்ல வடிவம். ஒருவருக்குப் பல வேலை. ஆளுக்கு ஒரு டேபிள், வேலைக்கு ஒரு டேபிள், நடுவில் கோக்க அர்த்தமில்லாத ஒரு எண்.

அது மாதா மாதம் எப்படிப் பயணம் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் காக்களூரில் ஏதாவது ஒரு சின்னக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் 15-ஆம் தேதிக்கு முன்னால் போய் நின்றால் போதும். அன்றுதான் பி.எஃப். கட்டக் கடைசி நாள். இ.சி.ஆர். என்ற டெக்ஸ்ட் ஃபைலை போர்ட்டலில் ஏற்றுவார்கள். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு 11 கட்டம், கட்டத்துக்குக் கட்டம் நடுவே ஒரு விநோதமான வேலி:

யு.ஏ.என்.#~#பெயர்#~#15000#~#15000#~#15000#~#15000#~#1800#~#1250#~#550#~#0#~#0

முதல் 15000 மொத்தச் சம்பளம். அடுத்த மூன்றும் பி.எஃப்., பென்ஷன், இன்சூரன்ஸ் கணக்கிடும் சம்பளங்கள். 1800 தொழிலாளி தருகிற 12 சதவீதம். முதலாளி தருகிற 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகும், அதுதான் 1250, மிச்சம் 550. அடுத்த பூஜ்யம் சம்பளமில்லா விடுப்பு நாட்கள், கடைசி பூஜ்யம் திருப்பிச் செலுத்திய தொகை. அந்த வேலியில் ஒரு குறி விட்டுப்போனாலும் போர்ட்டல் ஃபைலைத் துப்பிவிடும். ஆரம்பத்தில் இந்த வரியின் தலையில் மெம்பர் ஐ.டி.தான் இருந்தது. யு.ஏ.என். வந்து சில வருடம் கழித்துத்தான் அந்த இடம் அதற்குக் கிடைத்தது. அதுவரை அது ஒரு ஒட்டுநம்பராகவே இருந்தது என்று சொல்லலாம்.

இனி கதையின் சிக்கலான பகுதி. ஒருவருக்கு ஒரு யு.ஏ.என்.தான் என்பது விதி. இரண்டு யு.ஏ.என். வைத்திருப்பவர்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதே இல்லை. திருவள்ளூரில் பி.எஃப். கிளெய்ம் போட்டுத் தருகிற எந்த பிரவுசிங் சென்டரிலும் கேட்டுப் பாருங்கள். புது இடத்தில் சேரும்போது படிவம் 11-இல் ஒரு கேள்வி: இதற்கு முன் பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா? "இல்ல சார்" என்று சொல்லிவிடுவார்கள். பழைய நம்பரை எழுதிவைத்த சீட்டு தொலைந்திருக்கும். பழைய செல்போன் நம்பர் மாறிப்போய் ஓ.டி.பி. வராது. பழைய கான்ட்ராக்டரிடம் கேட்கப் பிடிக்காது. எச்.ஆரில் இருப்பவருக்கோ இன்றைக்கே முப்பது பேரைச் சேர்த்தாக வேண்டும். புதுசாக ஒன்று உண்டாக்குவது அப்போது இரண்டு நிமிட வேலையாக இருந்தது. மெஷின் கேள்வி கேட்காமல் இன்னொரு 12 இலக்கத்தைக் கொடுத்துவிட்டது.

மெஷின் தருகிற நம்பருக்கு உள்ள எல்லை இதுதான். இரண்டு வரிகள் வேறு வேறு என்று அது அடித்துச் சொல்லும். இரண்டு வரிகளும் ஒரே ஆள்தான் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. கோயில் வாசலில் செருப்புக்குத் தருகிற டோக்கன் போல. எந்த அறை என்று அது காட்டும். தொலைத்துவிட்டால் செருப்பின் நிறம், அறுந்த வார், அளவு என்று அடையாளம் சொல்லித்தான் வாங்க வேண்டும். யு.ஏ.என். விஷயத்தில் அந்த அடையாளம் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. எந்த விவரங்கள் நம்பகமில்லை என்று ஒதுக்கிவிட்டு சரோகேட்டைக் கொண்டுவந்தோமோ, கடைசியில் அவற்றின் காலிலேயே போய் விழ வேண்டியிருக்கிறது.

அதிலும் நம் ஊர்ப் பெயர் இருக்கிறதே! முருகன் என்பவரின் அப்பா குப்பன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் கே. முருகன். முதல் கான்ட்ராக்டர் போட்டது முருகன் கே. ஆதாரில் அப்பா பெயரையும் சேர்த்து முருகன் குப்பன். பாங்கில் வெறும் முருகன். திருவள்ளூர் மாவட்டத்தில் இந்த நான்கையும் பார்க்கிற யாருக்கும் ஒரு கணம்கூடச் சந்தேகம் வராது. குடும்பப் பெயர் என்ற ஒன்று எல்லோருக்கும் உண்டு என்று நினைத்து அமைத்த கட்டத்துக்கு இவை நான்கு பேர். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு இருக்கிறது. ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கிளெய்ம் ரிஜெக்ட். பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதம் ஒரு பக்கம், அம்மா சொன்ன ஆடி மாதம் ஒரு பக்கம்.

இதைத் திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று ஒரு நடைமுறை. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து, இவர்தான் அவர் என்று சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் அதற்கு ஒரு சீரான நடைமுறை வந்தது. 2025 தொடக்கத்தில், 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு உண்டான யு.ஏ.என். என்றால் பல விவரங்களைத் தொழிலாளியே திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். காக்களூர், அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி முக்கோணத்தில் 2005-லிருந்து ஓடுகிறவருக்கு இதனால் பாதி நிம்மதிதான். அவருடைய பழைய வரிகள் எல்லாம் அந்தத் தேதிக்கு முந்தியவை.

பெயரே போகட்டும், தேதி இன்னொரு கண்ணி. பழைய கான்ட்ராக்டர், ஆள் போய்விட்ட நாளைப் போர்ட்டலில் போடாமல் விட்டிருப்பார். புதியவர் சேர்ந்த தேதியைப் போட்டிருப்பார். இரண்டு நம்பரையும் சேர்க்கப் போனால் ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாக வரும். 2025 வரை சர்வீஸ் ஓவர்லாப் என்று திருப்பி அனுப்பினார்கள். தொழிலாளியிடம் விளக்கம் கேட்டார்கள், தேதி போடாதவரிடம் கேட்கவில்லை. 2020 முதல் விலகிய தேதியைத் தொழிலாளியே போட்டுக்கொள்ளலாம், கடைசிப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு. அது தெரிந்தவர்கள் குறைவு.

இரட்டை நம்பரை அடியிலேயே தடுக்க ஆதாரைக் கொண்டுவந்தார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் ஆதார் இணைக்காத யு.ஏ.என்.னுக்குப் பணம் கட்ட முடியாது என்று ஆனது. ஆதாரும் ஒரு சரோகேட்தான். 12 இலக்கம், அதிலும் ஊரோ சாதியோ வயதோ ஒளிந்திருக்காது, கடைசி இலக்கம் மட்டும் எழுத்துப் பிழையைப் பிடிக்க வெர்ஹாஃப் முறைப்படி கணக்கிட்டது. ஆனால் அதன் பின்னால் கைரேகையும் கண்ணும் முகமும் இருக்கின்றன. அப்படியென்றால் ஆதாரையே பி.எஃப். கீயாக வைத்திருக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வைக்காதது நல்லதற்குத்தான். எல்லா அலுவலகமும் ஒரே கீயை வைத்தால், யார் வேண்டுமானாலும் எல்லா டேபிளையும் கோத்து ஒரு மனிதரைத் தலைகீழாகப் படித்துவிடலாம். 2018-இல் ஆதார் ஆணையமே அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபடும் 72 எழுத்து டோக்கனைக் கொண்டுவந்ததும் இந்தக் கவலையால்தான். பி.எஃபில் ஆதார் ஒரு கட்டமாக இருக்கட்டும், கோக்கிற வேலையை யு.ஏ.என். பார்க்கட்டும்.

2025 ஆகஸ்ட் 1 முதல் புது யு.ஏ.என். உண்டாக்க உமங் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும். எச்.ஆரின் இரண்டு நிமிட வேலை இனி நடக்காது. தொழிலாளி தன் போனையோ பக்கத்தில் இருப்பவர் போனையோ நீட்டி, கண்ணைச் சிமிட்டி, நம்பரைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தலைமுறைக்கு இரண்டாவது நம்பர் பிறப்பது கடினம். யாரும் பார்க்கக்கூடாது என்று காட் சொன்ன குறி, இங்கே பர்ஸில் மடித்து வைத்திருக்கிற சீட்டிலும், சம்பள ரசீதிலும், வாட்ஸ்அப் குரூப்பிலும் இருக்கிறது. வேறு வழியில்லை. கம்பெனிகளுக்கு நடுவே அதைச் சுமந்துபோகிற ஒரே வாகனம் அந்த ஆள்தான்.

மிச்சம் இருப்பது பழைய வரிகள். கான்ட்ராக்டர் கடையைக் கட்டிவிட்டார், ஆலையும் மூடிவிட்டது, சேர்ந்து கையெழுத்துப் போட முதலாளி என்று ஒருவர் இல்லை. அந்த நிலைக்கும் பி.எஃப். கிளெய்ம் படிவங்களின் குறிப்பில் ஒரு பட்டியல் உண்டு. கெஜட்டட் அதிகாரி, போஸ்ட் மாஸ்டர், கணக்கு வைத்திருக்கும் பாங்கின் மேலாளர், எம்.எல்.ஏ., பஞ்சாயத்துத் தலைவர். இவர்களில் ஒருவர் சான்று கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால் ஏற்றுக்கொள்வார்கள். கே. முருகனும் முருகன் குப்பனும் ஒருவர்தானா என்று அவர்கள் எந்த டேபிளையும் திறந்து பார்ப்பதில்லை. ஆளைப் பார்க்கிறார்கள், யார் மகன் என்று கேட்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் தாள் அம்பத்தூரிலோ ராயப்பேட்டையிலோ உள்ள பி.எஃப். அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் 3, 4, 4 என்று கிடந்த வரிகள் 11 ஆகின்றன.